பணிந்தவர்க்குப் பதக்கம்

பதக்கம் எதற்காக அளிக்கப்படுகிறது என்று கேட்டால் வீரத்துக்கு என்று விடை வரும். பட்டாளத்து அதிகாரி அப்படித்தான் சொல்வார். வகுப்பறையில் நாமும் அதையேதான் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். வீரத்துக்கே பதக்கமெனின், 1946ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆந் திகதி பம்பாயில் உணவுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து நின்ற இந்திய மாலுமிகளின் மார்பில் அது ஏன் ஏறவில்லை? உலகின் மிகப் பெரிய சாம்ராச்சியத்தின் பீரங்கிகளுக்கு எதிரே நின்றவர்களிடம் வீரம் இல்லையென்று எவரும் வாதிடப் போவதில்லை. அவர்களிடம் இல்லாதது பணிவு. பதக்கம் பணிவின் கூலி என்பதை மறைப்பதற்குத்தான் வீரம் என்ற அழகிய சொல் பயன்பட்டு வந்திருக்கிறது.

இதற்கு ஒரு சான்று உண்டு. 'இந்திய சுதந்திரப் பதக்கம்' என்றொரு பதக்கத்தை இந்திய அரசு வழங்கியது. 1947 ஓகஸ்ட் 15ஆந் திகதி படைச் சேவையில் இருந்தவர்களுக்கு உரிய பதக்கம் அது. அதற்கான அரச ஆணை 1948இல் பிறந்தது. பதக்கத்தின் ஒரு புறத்தில் அசோகத் தூணின் சிங்கங்கள். மறுபுறத்தில் அசோகச் சக்கரம். அந்தச் சக்கரத்தின் தலைமேல் ஒரு முடி. சுற்றிலும் இலத்தீன் மொழியில் ஆறாம் ஜோர்ஜ் மன்னனின் பெயர்! சுதந்திரத்தை நினைவுகூரும் உலோகத் துண்டில் அடிமைப்படுத்தியவனின் பெயர் பொறிக்கப்பட்டதில் சிரிப்பதற்கு நிறைய உண்டு. ஆனால் எமக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைய தினம் சேவையில் இருந்தவர் யார், இல்லாதவர் யார் என்பதே இங்கு கேள்வி. பதினெட்டு மாதங்களுக்கு முன்னர் அந்தச் சுதந்திரத்துக்காகக் கிளர்ந்தெழுந்த மாலுமிகளுள் 476 பேர் ஏற்கெனவே வேலை நீக்கப்பட்டு வெளியே நின்றனர். எழுச்சியை அடக்கும் கட்டளைக்கு அடங்கி உள்ளே இருந்தவருக்குச் சுதந்திரப் பதக்கம் உரித்தாயிற்று. சுதந்திரத்தைக் கேட்டவருக்கு அது உரித்தில்லாமற் போயிற்று.

அந்த மாலுமிகள் யார்? போர் தொடங்கிய 1939இல் றோயல் இந்தியக் கடற்படையில் இரண்டாயிரம் பேர்கூட இருக்கவில்லை. போர் முடிந்தபோது அத்தொகை ஏறத்தாழ 30,000. பர்மாவின் கரைகளிலும் சிசிலியிலும் அவர்கள் போர் புரிந்தனர். 1942 நவம்பரில் 'பெங்கால்' என்னும் சிறு கப்பல், தன்னைவிடப் பன்மடங்கு பெரிய இரு யப்பானியக் கப்பல்களை இந்து சமுத்திரத்தில் எதிர்த்து நின்றது. அவற்றுள் ஒன்று மூழ்கியது. இவற்றுக்கெல்லாம் நட்சத்திரங்களும் பதக்கங்களும் கிடைத்தன. ஆனால் பதக்கம் அணிந்தவனின் தட்டில் விழுந்த பருப்பில் கல் இருந்தது. அதே வேலையைச் செய்த ஆங்கில மாலுமியின் சம்பளம் அவனுக்கு இல்லை. அதிகாரியின் வாயிலிருந்து அவன் இனத்தையும் தாயையும் இழிக்கும் வசைமொழி வந்தது. பம்பாயில் 'தல்வார்' என்ற சமிக்ஞைப் பயிற்சி நிலையத்தில் பி. சி. தத் என்னும் இளைஞர் சுவரில் விடுதலைச் சுலோகங்களை எழுதிக் கைதானார். அதன் பின் சில நாட்களில் அங்கிருந்த ஏறத்தாழ 1,100 மாலுமிகள் உணவை மறுத்து வேலைநிறுத்தம் செய்தனர். மறுநாளே எம். எஸ். கான் தலைவராகவும் மதன் சிங் உபதலைவராகவும் மத்திய வேலைநிறுத்தக் குழு அமைந்தது. ஒருவர் முஸ்லிம், ஒருவர் சீக்கியர். கொங்கிரஸ் கொடியும் லீக் கொடியும் செங்கொடியும் கப்பல்களில் ஒருங்கே பறந்தன. சில நாட்களுக்குள் 78 கப்பல்களையும் 20 கரைத்தளங்களையும் சேர்ந்த 20,000 மாலுமிகள் எழுச்சியிற் கலந்திருந்தனர்.

இதைச் சோற்றுக் கலகம் என்று சிறுமைப்படுத்துவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அவர்கள் மாலுமிகளின் கோரிக்கைகளை ஒருமுறை முழுமையாகப் படிக்கட்டும். நல்ல உணவு கேட்டார்கள். ஆங்கில மாலுமிக்குச் சமமான சம்பளம் கேட்டார்கள். சேவையிலிருந்து விலகும்போது உடுப்புகளைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்றார்கள். அதே தாளில் அரசியற் கைதிகள் அனைவரையும், சுபாஷின் இந்திய தேசிய இராணுவத்தினரையும் விடுவிக்க வேண்டும் என்றார்கள். இந்தோனேசியாவிலிருந்து இந்தியத் துருப்புகளைத் திருப்பியழைக்க வேண்டும் என்றார்கள். சுராபாயாவில் இந்தோனேசிய மக்களின் விடுதலையைச் சுட்டு வீழ்த்த இந்தியச் சிப்பாய் அனுப்பப்பட்டிருந்த காலம் அது. தன் கிழிந்த காற்சட்டைக்கும் அயல்நாட்டு மக்களின் சுதந்திரத்துக்கும் இடையே உள்ள தொடர்பைப் பட்டம் பெற்ற தலைவர்கள் காணவில்லை. இருபது வயது மாலுமி கண்டான். சோறும் சுதந்திரமும் ஒரே தாளில் எழுதப்பட்டதை இழிவு என்பவர் சோற்றுக்குக் குறைவில்லாதவராகவே இருக்க வேண்டும்.

கடற்படைத் தளபதி அட்மிரல் கொட்பிரே வானொலியில் மிரட்டினார்: பெருமைக்குரிய கடற்படை முழுவதும் அழிந்தாலும் சரி, கலகத்தை அடக்கியே தீர்வோம் என்பது அவர் பேச்சின் சாரம். மாலுமிகளை நசுக்குவதற்காக ஆங்கிலேயரின் 'கிளாஸ்கோ' போர்க்கப்பல் பம்பாய்க்கு விரைந்தது. அது புறப்பட்ட துறைமுகம் எது தெரியுமா? நமது திருகோணமலை. 1957இல்தான் அத்தளம் நம் கைக்கு வந்தது. அதுவரை அங்கிருந்து எந்தக் கப்பல், யாரை அடக்கப் போகிறது என்று நம்மை எவரும் கேட்டதில்லை. ஆதலால் இது அயலான் கதை என்று நாம் ஒதுங்கி நிற்பதற்கில்லை.

மாலுமிகளைக் கைவிடாதவர்கள் பம்பாய்த் தொழிலாளரே. கம்யூனிஸ்ட் கட்சியின் அழைப்பை ஏற்றுப் பெப்ரவரி 22ஆந் திகதி ஆலைகள் நின்றன. இலட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினர். அரசின் கணக்கின்படியே 228 பொதுமக்கள் கொல்லப்பட்டனர். 1,046 பேர் காயமுற்றனர். கராச்சியில் 'ஹிந்துஸ்தான்' கப்பலைப் பீரங்கி கொண்டு அடக்கினர்.

தலைவர்கள் என்ன செய்தனர்? வல்லபாய் பட்டேல் சரணடையச் சொன்னார். ஜின்னாவும் அதையே சொன்னார். எதிலும் ஒன்றுபடாத இருவர் இதில் ஒன்றுபட்டனர்! காந்தியடிகளும் அதனைக் கண்டித்தார். வன்முறைக்காக இந்துவும் முஸ்லிமும் கூடுவது தூய்மையற்ற கூட்டென்று கருதினார். அரசியலமைப்பு மேடையிலே கூடுவதைவிடத் தெருத்தடைகளிலே இரு மதத்தாரையும் கூட்டுவது எளிது என்ற கருத்தில் அருணா ஆசப் அலி அவருக்கு விடையிறுத்தார். அடுத்த ஆண்டு பஞ்சாப்பில் ஓடிய இரத்தத்தை நினைப்பவர் இவ்விருவருள் யார் சொன்னது மெய் என்று தாமே தீர்மானிக்கலாம். பழிவாங்கல் இராதென்ற உறுதியை நம்பி மாலுமிகள் 23ஆந் திகதி சரணடைந்தனர். கைதும் முகாமும் பணிநீக்கமுமே அவர்களுக்குக் கிடைத்தன. சேர் பஸ்ல் அலி தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவே மாலுமிகளின் மனக்குறைகள் நெடுங்காலம் தீர்க்கப்படாதிருந்ததை ஒப்புக்கொண்டது. குறை மெய் என்று ஒப்புக்கொண்ட பின்னும், குறை சொன்னவனுக்கு வேலை திரும்பவில்லை. சுதந்திர இந்தியாவும் அவர்களைத் தன் கடற்படையிற் சேர்க்கவில்லை, பாகிஸ்தானும் சேர்க்கவில்லை.

இங்கே ஒரு நியாயம் சொல்லப்படும். படைக்கு ஒழுங்கு வேண்டும். நாளை நமது அரசு வந்தாலும் நமக்கும் படை வேண்டுமே என்பதே பட்டேலின் வாதம். இதை வெறும் சூழ்ச்சி என்று நாம் தள்ளிவிடவில்லை. ஒழுங்கில்லாத படை ஆயுதமேந்திய கும்பல் என்பதை நாமும் அறிவோம். ஆனால் ஒழுங்கு யாருக்கு, எதன் பொருட்டு என்பதைக் கேட்காத வாதம் அரைவாதமே. அந்நியன் கட்டளைக்குப் பணிந்து அயல்நாட்டு மக்களைச் சுடும் ஒழுங்கும், மக்களின் பிரதிநிதிகளுக்குக் கட்டுப்பட்டு எல்லை காக்கும் ஒழுங்கும் ஒன்றல்ல. ஒன்றே என்று கொண்டவர்கள் பழைய படையை அதன் அதிகாரிகளோடும் அதன் ஞாபகங்களோடும் அப்படியே பொறுப்பேற்றனர். பதக்கத்தில் ஜோர்ஜின் பெயர் இடம்பெற்றது தற்செயல் அன்று.

பிற்காலத்தில் கௌரவம் செய்யத்தானே செய்தார்கள் என்பர். செய்தார்கள். இந்த எழுச்சியை வைத்துக் கல்கத்தாவில் உத்பல் தத் 'கல்லோல்' நாடகத்தை மேடையேற்றியது 1965இல். அந்த ஆண்டே அவர் விசாரணையின்றிச் சிறையிலிடப்பட்டார். விடுதலைப் போராட்ட வீரர்க்கான ஓய்வூதியத் திட்டம் 1972இல் வந்தது. கடற்படை எழுச்சியும் பின்னர் அதில் ஏற்கப்பட்ட இயக்கங்களுள் ஒன்றாயிற்று. பம்பாய்க் கொலாபாவில் 2001இல் நினைவுச் சிலை நாட்டினர். இந்தியக் கடற்படையின் இரு இழுவைக் கப்பல்களுக்கு மதன் சிங், பி. சி. தத் என்று பெயர் வைத்தனர். இழுவைக் கப்பலைத் தாழ்வாக நாம் எண்ணவில்லை. துறைமுகத்தின் கூலியாளி அதுதான். 2022 குடியரசு தின அணிவகுப்பில் கடற்படையின் அலங்கார ஊர்தியில் 1946 எழுச்சி காட்சியாக்கப்பட்டது. எழுபத்தாறு ஆண்டுகள்! இருபது வயதில் எழுந்தவன் உயிரோடிருந்தால் அவனுக்கு அப்போது தொண்ணூற்றாறு வயது. எழுச்சியைக் கொண்டாடும் துணிவு அரசுக்கு வந்தது, அதைச் செய்தவர்கள் மீண்டும் எழ முடியாத வயதை அடைந்த பின்புதான்.

அப்படியாயின் அவர்களுக்கும் ஒரு பதக்கம் அடித்துக் கொடுத்தால் போதுமா? போதாது. தகரத்துக்கோ வெண்கலத்துக்கோ ஏங்கி அவர்கள் எழவில்லை. 476 பேரின் பெயரும் ஊரும் முழுமையாக அச்சேறட்டும். 'நடத்தை காரணமாக நீக்கப்பட்டார்' என்ற கறை அவர்கள் ஏடுகளிலிருந்து இரு நாட்டு அரசுகளாலும் அழிக்கப்படட்டும். நீக்கப்பட்ட நாள் முதல் அவர்கள் இழந்த சம்பளம் கணக்கிடப்பட்டு, அவர் இல்லாதவிடத்து அவர் பிள்ளைகளுக்குச் சேரட்டும். அவற்றின் பின்னரும் அரசுக்குப் பதக்கத்தில் ஆசையிருந்தால், 1947 ஓகஸ்ட் 15 என்ற திகதியை நீக்கிவிட்டு 1946 பெப்ரவரி 18 என்று பொறிக்கட்டும். மறுபுறத்து முடியையும் எடுத்துவிடட்டும்.