பெட்டிக்குள் இருப்பது என்ன?

2025 ஏப்ரலில் வெளியான ஒரு செய்தியைத் தோழர்கள் பலர் படித்திருப்பார்கள். அமெரிக்காவின் இறக்குமதி வரி உயர்வதற்கு முன் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டுமென்று ஆப்பிள் கம்பெனி துடித்தது. மார்ச் மாதம் தொட்டு ஏறக்குறைய 600 டன் ஐபோன்கள், அதாவது சுமார் 15 லட்சம் போன்கள், இந்தியாவிலிருந்து சரக்கு விமானங்களில் அமெரிக்காவுக்குப் பறந்தன என்று ராய்ட்டர் நிறுவனம் தெரிவித்தது. சென்னை விமான நிலையத்தில் சுங்கச் சோதனைக்கு 30 மணி நேரம் பிடித்து வந்ததை 6 மணி நேரமாகக் குறைக்க ஏற்பாடு நடந்ததாம்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துப் பெண்களின் கைகள் பூட்டிய கருவி உலகச் சந்தைக்குப் போகிறது என்பதில் நமக்கும் பெருமைதான். ஏற்றுமதி வளர்கிறது, டாலர் வருகிறது என்று கணக்குப் போட்டவர்கள் ஏராளம். இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதை நாம் போட்டுப் பார்ப்போம். ஒரு போனின் பாட்டரியில் அடங்கும் மின்சாரம் சுமார் 13 வாட்-மணி. அற்பம்தான். அதை 15 லட்சத்தால் பெருக்கினால்? முழுதும் சார்ஜ் ஏற்றியிருந்தால் 19,500 யூனிட்! ஒரு தொழிலாளியின் வீடு மாதம் 100 யூனிட் செலவழிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 195 வீடுகளுக்கு ஒரு மாதத்துக்குப் போதுமான மின்சாரம் சின்னஞ்சிறு அட்டைப் பெட்டிகளில் அடைபட்டு ஆகாய மார்க்கமாகப் போயிருக்கிறது.

மின்சாரத்தோடு நின்றால் பயமில்லை. லித்தியம் பாட்டரிக்குள் இருப்பது தீப்பற்றக்கூடிய திரவம். அதன் இரு முனைகளுக்கும் நடுவே காகிதத்தைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் திரை. தயாரிப்பில் குறை இருந்தாலோ, பெட்டி நசுங்கித் திரை கிழிந்தாலோ, உள்ளே சூடு ஏறும். ஏறிய சூடு மேலும் சூட்டைக் கிளப்பும். பிறகு புகை, வெடிப்பு, நெருப்பு. ஓலைக் குடிசைகள் வரிசையாக நிற்கும் இடத்தில் ஒரு கூரை பற்றினால் என்ன ஆகும் என்பதை நம் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாட்டரி அடுக்கிலும் அதே கதைதான். விமானத்தில் தீயணைக்கப் பயன்படும் ஹாலோன் வாயு சுவாலையை அடக்கும். ஒரு பாட்டரியிலிருந்து அடுத்த பாட்டரிக்குத் தாவும் சூட்டை அது தடுக்காது. அமெரிக்க விமான இலாகா தானே சோதனை நடத்திக் கண்ட உண்மை இது. பெரிய சரக்கு விமானங்களின் மேல்தளத்திலோ அந்த ஹாலோனும் கிடையாது. காற்றழுத்தத்தைக் குறைத்து நெருப்பைத் திணற அடிப்பதே அங்குள்ள வழி.

அந்த வழி போதாது என்பதை 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் உலகம் பார்த்தது. யு.பி.எஸ். கம்பெனியின் போயிங் 747 சரக்கு விமானம் ஹாங்காங்கிலிருந்து துபாய் வந்து, அங்கிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்குக் கிளம்பியது. கிளம்பி 22 நிமிஷத்தில் தீ எச்சரிக்கை மணி அடித்தது. விமானத்தைத் துபாய்க்கே திருப்பினார்கள். புகை விமானிகள் அறைக்குள் புகுந்தது. தலைமை விமானியின் பிராணவாயு நின்றுவிட்டது. வேறு முகமூடி தேடிப் பின்னால் போனவர் திரும்பவில்லை. துணை விமானி தனி ஆளாக விமானத்தை ஓட்டினார். எதிரே இருக்கும் கருவிகளின் முள் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ரேடியோவை வேறு அலைவரிசைக்குத் திருப்பவும் முடியவில்லை. பக்கத்தில் பறந்த மற்ற விமானங்கள் செய்தியை வாங்கி வாங்கிச் சொல்லின. துபாய் விமான நிலையத்தைத் தாண்டிப் போய் அந்த விமானம் விழுந்து நொறுங்கியது. மணி அடித்ததிலிருந்து விழுந்தது வரை ஏறக்குறைய அரை மணி நேரம். இரண்டு பேரும் மாண்டார்கள்.

ஐக்கிய அரபு நாடுகளின் விமான இலாகா 2013-இல் விசாரணை அறிக்கையை வெளியிட்டது. தீ மூண்ட இடத்துச் சரக்கில் லித்தியம் பாட்டரிகள் இருந்தன என்று அது கூறிற்று. அதைவிட முக்கியமான ஒன்றையும் கூறிற்று. விமானத்தில் இருந்த சரக்குகளில் குறைந்தது மூன்று, ஆபத்தான சரக்கு என்று அறிவித்து ஏற்றியிருக்க வேண்டிய பாட்டரிகள். ஆனால் அவற்றின் காகிதங்களில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. தம் முதுகுக்குப் பின்னால் இருப்பது என்ன என்பது அந்த இரண்டு விமானிகளுக்குச் சொல்லப்படவில்லை!

இதற்குப் பிறகு சட்டம் இறுகியிருக்கும் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. விபத்துக்கு எட்டு மாதம் முன்பு, 2010 ஜனவரியிலேயே, சிறு பாட்டரிகளுக்கு அளித்திருந்த விலக்குகளை நீக்க வேண்டுமென்று அமெரிக்க சர்க்காரின் இலாகா ஒரு வரைவு விதியை முன்வைத்திருந்தது. பாட்டரி முதலாளிகளும் மின்னணுக் கம்பெனிகளும் எதிர்த்தார்கள். செலவு கூடும், வியாபாரம் கெடும் என்றார்கள். துபாய் விபத்து நடந்தது. அடுத்த ஆண்டு, 2011 ஜூலை 28-இல், பாட்டரிகளும் தீப்பற்றும் திரவங்களும் ஏற்றிச் சென்ற ஆசியானா கம்பெனியின் சரக்கு விமானம் தீப்பிடித்து, தென் கொரியாவின் ஜேஜு தீவுக்கு அப்பால் கடலில் விழுந்தது. அங்கேயும் இரண்டு விமானிகள் பலி. தீ எதிலிருந்து பிறந்தது என்று அந்த விசாரணையால் முடிவாகச் சொல்ல இயலவில்லை. இவ்வளவுக்கும் பிறகு 2012 பிப்ரவரியில் வாஷிங்டன் சட்டசபை ஒரு சட்டம் நிறைவேற்றியது. அதன் 828-ஆவது பிரிவு என்ன சொன்னது தெரியுமா? லித்தியம் பாட்டரிகளை விமானத்தில் ஏற்றும் விஷயத்தில், சர்வதேச விதியைவிடக் கடுமையான விதி எதையும் அமெரிக்க சர்க்கார் போடக் கூடாது என்று சொன்னது. காவல்காரனின் கையைக் கட்டுவதற்கு ஒரு சட்டம்!

விமானிகளின் சர்வதேச சங்கம் விடவில்லை. அதிசயம் என்னவென்றால், 2015-இல் விமானம் கட்டும் முதலாளிகளே அவர்கள் பக்கம் வந்து சேர்ந்தார்கள். பாட்டரிகள் மொத்தமாகப் பற்றினால் அதை அடக்கும் சக்தி எங்கள் விமானங்களுக்கு இல்லை என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். கடைசியில் மாண்ட்ரீல் நகரில் இருக்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் 2016 பிப்ரவரியில் முடிவெடுத்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல், தனியாகக் கட்டிய லித்தியம்-அயான் பாட்டரிகளைப் பயணி விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது. சரக்கு விமானத்தில் ஏற்றினாலும் சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதே பிப்ரவரியில், 828-ஆவது பிரிவை நீக்க அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழுவில் வந்த திருத்தம் தோற்றுப் போனது. உலக விதியைத் தன் நாட்டு விதியாக எழுதிக்கொள்ள அமெரிக்காவுக்கு 2019 மார்ச் ஆயிற்று. மூன்று ஆண்டு!

இந்த விதியில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. தடை தனியாக வரும் பாட்டரிக்குத்தான். கருவிக்குள் பொருத்திய பாட்டரி பயணி விமானத்தின் வயிற்றிலும் போகலாம். கருவியோடு ஒரே பெட்டியில் தனியாக வைத்து அனுப்பும் பாட்டரிக்கு 30 சதவீத வரம்பு 2026 ஜனவரி முதல்தான் கட்டாயமாயிற்று. போனுக்குள்ளேயே இருக்கும் பாட்டரிக்கு அந்தக் கட்டாயம் இன்றும் இல்லை. இரண்டொரு போன் மட்டும் அனுப்பும் சிறு பார்சலுக்கு எச்சரிக்கை லேபிள்கூட வேண்டியதில்லை. கருவியின் கூடு பாட்டரிக்குக் கவசம் என்பது இந்தச் சலுகைக்குச் சொல்லும் காரணம். ஓரளவு நியாயம்தான். ஆனால் 2021 ஏப்ரல் 11 அன்று ஹாங்காங் விமான நிலையத்தில் பாங்காக் போகக் காத்திருந்த விவோ போன்களின் அடுக்கு தீப்பிடித்து, பக்கத்து அடுக்குகளுக்கும் பரவியது. திருட்டுச் சரக்கல்ல, ஊரறிந்த கம்பெனியின் சரக்கு. விமானம் தரையில் நின்றபோது பற்றியதால் உயிர் தப்பியது. ஆகாயத்தில் பற்றியிருந்தால்?

பெரிய கம்பெனிக்குத் தன் சரக்கில் குறை என்று தெரிந்துவிட்டால், அது எவ்வளவு ஜாக்கிரதையாக நடந்துகொள்ள முடியும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2016-இல் சாம்சங் கம்பெனியின் கேலக்ஸி நோட் 7 போன்கள் பற்றி எரிந்தன. அந்தப் போனை விமானத்தில் கொண்டுவரவே அமெரிக்கா தடை போட்டது. விற்ற போன்களைத் திரும்பப் பெறக் கம்பெனி வாடிக்கையாளர்களுக்குத் தீத்தாங்கும் பெட்டியும் கையுறையும் அனுப்பியது. தரை வழியாக மட்டுமே அனுப்பு என்று எழுதியும் அனுப்பியது. பெயர் போகிறது, பங்கு விலை சரிகிறது என்றவுடன் கையுறை வந்துவிட்டது. இரவு ஷிப்டில் நூற்றுக்கணக்கான பெட்டிகளைத் தூக்கும் சுமைத் தொழிலாளிக்கு அந்தக் கையுறையை யார் அனுப்புவார்?

ஏற்றுமதியை நிறுத்து என்பதல்ல நம் வாதம். அப்படிச் சொல்பவன் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிலாளியின் சோற்றில் மண்ணைப் போடுகிறவன். சோதனையிட்டுத் தயாரித்து, ஒழுங்காகக் கட்டி, உண்மையை எழுதி அனுப்பும் சரக்கில் ஆபத்து குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். எந்த பாட்டரியும் விமானத்துக்கு வருமுன் ஐக்கிய நாடுகள் சபை வகுத்த சோதனைகளைத் தாண்ட வேண்டும். உயரத்துக் காற்றழுத்தம், சூடும் குளிரும், அதிர்ச்சி, குலுக்கல், மின்கசிவு, நசுக்கல் என்று அந்தச் சோதனைகள் கடுமையானவை. நமது பயம் இந்தச் சோதனையின் வாடையே படாத போலி பாட்டரியைப் பற்றியது. உப்பிப்போன பழைய பாட்டரியோடு "விளையாட்டுச் சாமான்" என்றும் "போன் உதிரிகள்" என்றும் பெயர் மாற்றி வரும் பெட்டியைப் பற்றியது. உண்மையை எழுதினால் கட்டணம் கூடும், கட்டும் செலவு கூடும், பயணி விமானத்தில் இடம் கிடைக்காது. ஒரு பொய் எழுதினால் இவ்வளவும் மிச்சம். மிச்சம் பிடிப்பவன் எங்கோ குளிர்சாதன அறையில் இருக்கிறான். அந்தப் பொய்யைத் தோளில் சுமப்பவன் கிடங்கில் இருக்கிறான். விமானத்தின் முன் ஆசனத்தில் இருக்கிறான்.

ஆகவே தண்டனை விழ வேண்டிய இடம், பெயரை மாற்றி எழுதியவனின் தலை. பொய்க் காகிதத்தோடு பெட்டி பிடிபட்டால், அதைக் கொண்டுவந்த கூரியர் பையனைப் பிடித்து வைத்துக்கொண்டு, அனுப்பிய ஏஜெண்டுக்கு ஒரு நோட்டீஸோடு விட்டுவிடுவது நியாயமாகாது. 30 மணி நேரத்தை 6 மணி நேரமாகக் குறைக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, அந்த 6 மணி நேரத்தில் பெட்டியைத் திறந்து பார்க்க எத்தனை ஆள் போதும் என்று கணக்கிடவும் தெரிய வேண்டும்.

வளைகுடாவில் வேலை செய்யும் நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. விடுமுறைக்கு வரும்போது பெட்டி நிறைய போனும் பவர் பாங்கும் வாங்கிவருகிறீர்கள். பவர் பாங்கையும் தனி பாட்டரியையும் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் போடாதீர்கள்; கைப்பையில் வையுங்கள். கைப்பையில் பற்றினால் யாராவது பார்ப்பார்கள், தண்ணீர் ஊற்றுவார்கள். 2025 ஜனவரி 28-இல் தென் கொரியாவின் பூசான் நகரில், கிளம்பக் காத்திருந்த ஏர் பூசான் விமானம் தலைக்கு மேல் உள்ள பெட்டியறையிலிருந்து தீப்பிடித்து எரிந்தது. பவர் பாங்கின் மேல்தான் சந்தேகம் விழுந்தது. ஆட்கள் எல்லோரும் இறங்கித் தப்பினார்கள் என்றால், விமானம் தரையில் இருந்ததே காரணம்.

விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் வேலை செய்யும் தோழர்கள் தங்கள் சங்கத்தில் எழுப்ப வேண்டிய கேள்விகள் சில உண்டு. ஆபத்தான சரக்கைக் கையாளுபவர்களுக்குப் பயிற்சி வேண்டும், இரண்டு ஆண்டுக்குள் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும் என்று சர்வதேச விமான விதி சொல்கிறது. காண்டிராக்ட் சுமைத் தொழிலாளிக்கு அந்தப் பயிற்சி கிடைக்கிறதா? தமிழில் கிடைக்கிறதா? ஓரத்தில் சிவப்புக் கோடுகள், நடுவில் தீப்பிழம்போடு பாட்டரிப் படம், கீழே யு.என். 3480 அல்லது 3481 என்ற எண்: இந்த லேபிளுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? நசுங்கிய பெட்டி, நனைந்த பெட்டி, தொட்டால் சுடும் பெட்டி, இனிப்பு வாடை அடிக்கும் பெட்டி கைக்கு வந்தால், அதைத் தனியே ஒதுக்கி வைத்து மேஸ்திரியைக் கூப்பிடுகிறவனுக்கு அன்றையக் கூலி வெட்டு விழாது என்று நிர்வாகம் எழுதிக் கொடுக்குமா? பழுதுபட்டு நெருப்பு அபாயம் உள்ள பாட்டரியை எந்த விமானத்திலும் ஏற்றக் கூடாது என்பது யாரும் இரங்கிக் கொடுத்த சலுகை அல்ல. அது எழுதி வைத்த விதி. அடுத்த முறை "நேரமாகிறது, ஏற்று" என்று அதட்டல் வந்தால், அந்த விதியைச் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கீழே வைக்கலாம்.