முதியோர் தொண்டும் ஒருநாள் விருந்தும்

இக்காலத்துச் சைவ நன்மக்களிடையே ஒரு வழக்கம் விரைந்து பரவி வருகின்றது. பிறந்தநாள், மணநாள், பெற்றோர் மறைந்த திதி, திருமுறை முற்றோதல் நிறைவு ஆகிய நாட்களில் அண்மையிலுள்ள முதியோர் இல்லம் ஒன்றற்குச் சென்று, ஒருவேளை உணவுக்குரிய பணத்தைச் செலுத்தி, வரிசையில் இருத்தப்பெற்ற முதியோர்க்குத் தம் கையாற் பரிமாறி, அதனைக் கைபேசியிற் புகைப்படமாக எடுத்துக்கொண்டு மீளுதலே அவ்வழக்கம். சங்கங்களும் சபைகளும் இதனைத் தம் ஆண்டறிக்கையில் ‘முதியோர் தொண்டு’ என்னுந் தலைப்பின்கீழ் அச்சிடுகின்றன. அன்னம் அளித்தல் அறமேயாம். அதனை மறுப்பார் யாம் அல்லேம். ஆனால் அதற்குத் தொண்டு என்னும் பெயரைச் சூட்டுதலும், அவ்வளவில் முதியோர்க்குச் செய்யவேண்டுவது முடிந்தது என்று நெஞ்சம் நிறைதலும் பொருந்தா என்பதே ஈண்டு யாம் நாட்டப்புகும் பொருள். இதனாற் சிலர் மனம் நோதல் கூடும். நோவினும் சொல்லாதொழிதல் தகாமையிற் சொல்லுகின்றோம்.

விருந்திடுவார் பக்கத்தினின்று நோக்காது, இலையின்முன் இருப்பார் பக்கத்தினின்று ஒருகால் நோக்குக. எழுபதும் எண்பதும் கடந்த அவருட் பலர் நீரிழிவு உடையர். பலர் பல் இழந்தோர். சிலர் உப்பைக் குறைத்து உண்ணுமாறு மருத்துவரால் விதிக்கப்பெற்றோர். அவர்தம் இலையில் நாம் இடுவன யாவை? பாயசமும் இலட்டும், மெல்லலாகா வடையும், அப்பளமும், ஊறுகாயும். நாம் விரும்பும் விருந்தை நாம் விரும்பும் நாளில் இட்டு, அவர் உண்பதனை நாம் கண்டு மகிழ்கின்றோம். புகைப்படத்திற்கு முறுவல் வேண்டுமாதலின் அவர் முறுவலும் செய்கின்றனர். தீபாவளி, பொங்கல், ஐக்கிய நாடுகள் அவை 1990ஆம் ஆண்டில் முதியோர்க்கென வகுத்த அக்டோபர் முதல்நாள் ஆகிய நாட்களில் ஒரே இல்லத்திற்கு இரண்டு மூன்று கூட்டத்தார் வருதலும், கொணர்ந்த சோறு மிஞ்சிப்போதலும் உண்டு. மழை பெய்யும் ஒரு புதன்கிழமை மாலையில் அங்கே வருவார் யார்? படுக்கையிற் கிடப்பவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவையாவிடின் முதுகிலும் இடுப்பிலும் புண் உண்டாம் என்றும், அப்புண் ஆழ்ந்து உயிர்க்கே கேடாகலாம் என்றும் மருத்துவர் கூறுவர். அவ்விரண்டு மணி நேரம் நம் வீட்டுத் திதிக்கும் பிறந்தநாளுக்கும் காத்திருக்குமோ?

இனி, முதியோர் எல்லாரும் இல்லங்களிற் சேர்ந்தாரும் அல்லர். 2011ஆம் ஆண்டின் மக்கட்கணக்கெடுப்பின்படி அறுபதும் அதற்கு மேலுமான அகவையினர் இந்நாட்டில் ஏறக்குறைய பத்துக்கோடியே நாற்பது இலட்சம் பேர். தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப்பேருக்குச் சற்று மிகுதி. இவருள் மிகப் பெரும்பாலார் தத்தம் வீட்டிலேயே இருக்கின்றனர். மக்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல்கடந்த நாடுகட்கும் பிழைப்புக்காகச் சென்றுவிட, பெரிய வீட்டில் இருவராய், பின்னர் ஒருவராய் எஞ்சியோர் எத்துணையர்! அவருட் பலர் சோற்றுக்கு முட்டுடையாரல்லர். அவர்க்கு முட்டுப்பாடு யாதெனின், மருத்துவமனையில் எண்சீட்டு வாங்கி உடனிருப்பார் இன்மை. மருந்துகளை நாள்வேளைப்படி பிரித்து வைப்பார் இன்மை. வங்கியிலும் நியாயவிலைக் கடையிலும் துணைநிற்பார் இன்மை. மத்திய அரசின் ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் தாம் உயிரோடிருத்தற்குச் சான்றிதழ் அளித்தல்வேண்டும். 2014ஆம் ஆண்டு முதல் அதனைக் கைரேகை வைத்தும் அளிக்கலாம் என்றனர். உழைத்துத் தேய்ந்த முதியோர் விரலிற் பொறி பற்றத்தக்க ரேகை யாங்ஙனம் இருக்கும்? பின்னர் முகத்தைக் காட்டி அளிக்கும் முறையும் வந்தது. அதற்குத் திறன்பேசி வேண்டும், அதனைப் பிடித்து இயக்க ஓர் ஆளும் வேண்டும். எங்குத் தொடங்கினும் ஈற்றில் ஓர் ஆள் வேண்டும் என்பதிலேயே வந்து முடிகின்றது.

வந்தி என்னும் மூதாட்டியின் வரலாறு நம்மவர் அறியாததன்று. வையை பெருகியபோது பாண்டியன் ஆணையால் வீட்டுக்கு ஒரு பங்காகக் கரை அளந்து விடப்பட்டது. அளந்தார் செய்தது முறையே. ஆயினும் எல்லா வீட்டிலும் மண் சுமக்க ஆளுண்டு என்று கொண்டதே அவர் பிழை. இக்காலத்து அலுவலகங்கள் எல்லார் விரலிலும் ரேகை உண்டு என்று கொள்வதும் அத்தகையதே. அம்மூதாட்டிக்குப் பசியில்லை. பிட்டு அவித்து ஊரார் பசியைத் தீர்த்தவளே அவள். அவளுக்கு இல்லாதது ஆள். சோமசுந்தரப் பெருமான் அவள் வாயிலில் வந்து நின்றது பொற்கிழியோடன்று, அறுசுவை உண்டியோடன்று. கூடையும் மண்வெட்டியும் கொண்டு கூலியாளாய் வந்து நின்றனன். ‘அப்பெருமான் பிட்டை உண்டு உறங்கினானன்றி வேலையை நேரே செய்திலனே’ என்பார்க்கு, அவன் பட்ட பிரம்படியை நினைவூட்டுகின்றோம். நம் ஒருநாள் தொண்டர் சிலர் உண்டலும் உறங்கலுமாகிய பகுதியை மட்டும் கைக்கொண்டு, மண் சுமத்தலையும் அடிபடுதலையும் பெருமானுக்கே விட்டனர்போலும்!

திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்த காலத்து நாள்தோறும் இருவர்க்கும் படிக்காசு அருளப்பட, ஞானசம்பந்தப் பிள்ளையார் பெற்ற காசு வாசியுடையதாயும், திருநாவுக்கரசர் பெற்றது வாசியின்றியும் இருந்த செய்தியைச் சேக்கிழார் கூறுகின்றார். அரசர் காசுக்கு வாசி இல்லாமைக்குக் காரணம் அவர் செய்த கைத்தொண்டே என்பர். உழவாரம் ஏந்திய அவ்வடிகள் இளைஞரும் அல்லர், தளர்ந்த யாக்கையர். தொண்டு எனின் கை இயங்கவேண்டும் என்பது யாம் புதிதாகப் படைத்த கொள்கையன்று.

‘சொல்லுதல் எளிது, வாரந்தோறும் வருதற்கு ஊரார் இசைவரோ?’ என்பாரை நோக்கி, பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பாலுள்ளாரைக் காட்டுகின்றோம். கேரளம் நமக்கு முன்னரே நரைத்த நாடு. 2011இல் அங்கே அறுபது கடந்தோர் நூற்றுக்குப் பன்னிருவர்க்கு மேல். 1993ஆம் ஆண்டில் கோழிக்கோட்டு அரசு மருத்துவக் கல்லூரியை இடமாகக் கொண்டு, தீராநோயாளரின் வலியைத் தணித்தற்கென ஒரு கழகம் தோன்றிற்று. மருத்துவமனை வரையில் வரமாட்டாது வீட்டிற் கிடந்து வருந்துவோரே மிகப்பலர் என்பதை அக்கழகத்தார் விரைவிற் கண்டனர். மருத்துவரை மட்டும் கொண்டு அத்துணை வீடுகட்கும் செல்லுதல் இயலாது. ஆகலின் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோழிக்கோடு, மலப்புறம் முதலிய இடங்களில் அயலாரையே துணையாகக் கொள்ளும் முறை எழுந்தது. வாரத்தில் இரண்டு மணி நேரமேனும் ஒதுக்க இசைந்தோரைச் சேர்த்து, அவர்க்குப் பதினாறு மணி நேரம் வகுப்பு நடத்தி, அதன்மேல் நான்கு நாட்கள் தேர்ந்தார் மேற்பார்வையில் நோயாளரிடத்துப் பழகச் செய்தனர். மாணவரும், உழவரும், இல்லத்தரசியரும், ஓய்வுபெற்றோரும் சேர்ந்தனர். சமயமும் கட்சியும் அங்குக் குறுக்கே நிற்கவில்லை. செலவின் பெரும்பகுதி ஊரார் அளித்த சிறு சிறு தொகைகளால் நடந்தது. 2008ஆம் ஆண்டில் அம்மாநில அரசு இதனைத் தன் கொள்கையாக ஏற்று அறிவித்தது. ஊராட்சிகள் செவிலியரை அமர்த்தி வீடுதோறும் அனுப்பும் ஏற்பாடும் தொடர்ந்தது. இம்முறை முதியோர்க்கென்றே வகுக்கப்பட்டதன்று. எனினும் நெடுநாட் படுக்கையிற் கிடப்பார் பலர் முதியோரே ஆதலின், அதன் பயன் அவர்க்கே மிகுதியும் சென்றது.

இதில் நம்மவர் ஊன்றி நோக்கவேண்டுவன, இரண்டு மணி என்னும் அளவும் பதினாறு மணி என்னும் பயிற்சியுமாம். அன்பு உண்டாயின் பயிற்சி எற்றுக்கு என்பது பேதைமை. முதியோர் எலும்பு மெலிந்தது. தூக்கத் தெரியாதவன் அன்போடு தூக்கினும் அது முறியும். விழுங்கல் இயலாதாரைப் படுக்கவைத்தபடியே கஞ்சி ஊட்டினால் அது மூச்சுக்குழலிற் புகும். காது கேளாதார்க்கு உரக்கக் கத்துதலினும் முகத்துக்கு நேரே நின்று மெல்லத் தெளிவாகப் பேசுதலே பயன்படும். இவை நூலிற் கண்டு பிறவியிலேயே நமக்கு வந்தன அல்ல. சிவபூசைக்கும் முறை கற்றன்றோ புகுகின்றோம்? இரண்டு மணி நேரமோ மிகச் சிறியது. சின்னத்திரைத் தொடர்கட்கு நாம் வாரத்தில் அளிக்கும் நேரத்தை எண்ணிப் பார்ப்பார் அதனைப் பெரிதென்னார். ஆயினும் அச்சிறிய நேரம் தவறாது வருதலே அரிது. ‘செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு வருவேன்’ என்று கூறி வாராதொழிதல், ஒன்றும் கூறாதிருத்தலினும் கொடிது. மூன்று மணிக்கே முகங்கழுவி வாயிலை நோக்கியிருப்பாரை எண்ணுக.

‘வெறும் பேச்சுக்குப் போய்வருதலும் ஒரு தொண்டோ?’ என்று நகுவார் உளர். 2010ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர், மூன்று இலட்சத்திற்கு மேற்பட்ட மக்களைப் பற்றிய 148 ஆய்வுகளை ஒருங்குவைத்து நோக்கி, பிறரோடு வலிய தொடர்புடையார் உயிர்த்திருக்கும் வாய்ப்பு, அத்தொடர்பு குன்றியாரினும் 50 விழுக்காடு மிகுதி என்று கண்டனர். ஆய்வை விடுக; நாள் முழுதும் தன் பெயரைச் சொல்லி அழைப்பார் ஒருவரும் இன்றி இருந்து பார்த்தார்க்கு ஆய்வு வேண்டா.

‘பெற்றோரைப் பேணுதல் மக்கள் கடன், அயலார் புகுந்து செய்யின் அம்மக்கள் பொறுப்பினின்று நழுவுவர்’ என்பது பிறிதொரு தடை. மக்கள் கடனே, ஐயமில்லை. 2007ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட சட்டம், பேணாத மக்கள்மீது பெற்றோர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம் என்றும், கைவிட்டார்க்கு மூன்று திங்கள் வரையிற் சிறை விதிக்கலாம் என்றும் கூறுகின்றது. ஆனால் மக்கட்பேறு இல்லார்க்கும், மக்களை இழந்தார்க்கும், தம் மக்களும் எழுபதை எட்டித் தள்ளாடுவார்க்கும் இச்சட்டம் யாது செய்யும்? பெற்ற மகன்மேல் வழக்கிட மனம் ஒவ்வாத தாய்க்கு யாது செய்யும்? உடனிருந்து பேணும் மகளும் மருமகளும் இரவும் பகலும் கண்ணயராது இளைக்கின்றனர். வாரத்தில் இரண்டு மணி நேரம் அவர்க்கு மாற்றாக இருப்பார் ஒருவர் வருவாராயின், அது கடனைக் கெடுத்தலாகாது. கடனைச் செய்வார் முரிந்துவிடாமற் காத்தலாம்.

சித்தாந்தம் சிறிது கற்றார் எழுப்பும் தடை இவற்றினும் பொல்லாதது. முதுமைத் துன்பம் அவரவர் முன்வினைப் பயன், அதனை இடையிற் புகுந்து விலக்க நாம் யார் என்பர் அவர். தமக்குக் காய்ச்சல் வந்த அன்று இவ்வினா அவர்க்குத் தோன்றுவதில்லை, மருத்துவர்க்கு ஆள்விடுகின்றனர். வினைப்பயனைக் கூட்டுவிப்பான் இறைவன் என்பதே நம் கொள்கை. அவன் கூட்டுவிக்கும் வாயில்களுள் அயலான் கையும் ஒன்றாதல் கூடாதோ? பிறர் பிராரத்தத்தை அளந்து கூறும் இவர், உதவத்தக்க இடத்து வாளா இருந்து தாம் ஈட்டும் ஆகாமியத்தைக் கணக்கில் வையாதது என்னை?

ஒரு தடை மட்டும் நேரியது. தனித்திருக்கும் முதியோர் வீட்டிற் புதியோர் புகுதல் அச்சத்திற்கு இடமாம். தொண்டர் வேடத்திற் பொருளைக் கவர்வாரும் இல்லாமற்போகார். ஆகலின் சபையார் பெயரும் முகவரியும் தெரிந்தோரையே, இருவர் இருவராக அனுப்புக. சென்று வந்த நாளை ஏட்டிற் குறிக்க. பணத்தைக் கையாளுதலும், எப்பத்திரத்திலும் கையொப்பம் வாங்குதலும், பரிசில் பெறுதலும் அறவே விலக்கப்படுக. கொடுமை ஏதேனும் கண்ணிற் படின், 2021ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் அமைக்கப்பெற்ற 14567 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணுக்கு அறிவிக்கத் தொண்டர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

விருந்தை நிறுத்துமாறு யாம் கூறவில்லை. நம் சபைகள் தம் ஆண்டறிக்கையில் விருந்திட்டார் பெயரை அச்சிடும் அப்பக்கத்திற்கு எதிர்ப்பக்கத்தில், வாரத்தின் ஏழு நாட்களையும் எழுதி, ஒவ்வொரு நாளுக்கும் நேராக எந்தத் தெருவுக்கு யார் யார் சென்றனர் என்றும் அச்சிடுக. பெயரில்லாத நாள் வெற்றிடமாகவே இருக்கட்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் தலைவர் அவ்வெற்றிடங்களை வாய்விட்டுப் படிக்க.