உயிர் போகாத விபத்து!

லாரி போகிறது. மழை கொட்டுகிறது. இடது பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. அதில் கணவன், மனைவி, நடுவில் குழந்தை. டிரைவர் அவர்களைக் கவனிக்கவில்லை. லாரியை இடது பக்கம் திருப்புகிறார்.

டமார்!

ஆனால் யாரும் சாகவில்லை. ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. ஏன்? அங்கே லாரியே இல்லை! டிரைவர் உட்கார்ந்து இருப்பது ஓர் அறையில். கையில் ஸ்டியரிங், காலடியில் கிளச்சு, பிரேக் எல்லாம் உண்டு. எதிரே தெரியும் ரோடும் மழையும் மட்டும் வெறும் படம்.

இந்தக் கருவிக்கு "சிமுலேட்டர்" என்று பெயர். கண்ணை மூடி மாட்டிக்கொள்ளும் பெரிய கண்ணாடி போன்ற கருவியும் உண்டு. தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கத்து ரோடு தெரியும். ரோட்டின் நடுவிலேயே நிற்பது போல இருக்கும். தவறு செய்தவர் மறுபடியும் முதலில் இருந்து ஓட்டலாம். நிஜ ரோட்டில் அது நடக்குமா?

பறக்காத விமானம்

இது புது யோசனை அல்ல. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்று ஒருவர் இருந்தார். அவருடைய தந்தை பியானோ, ஆர்கன் செய்யும் தொழிற்சாலை நடத்தினார். ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்தியைக் கொண்டு லிங்க் 1929-ல் ஒரு விமானம் செய்தார். அது சாயும், திரும்பும். ஆனால் பறக்காது. முதலில் அது பொழுதுபோக்குப் பூங்காவுக்குத்தான் போயிற்று!

1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் மூட்டைகளை ஏற்றிச் சென்றார்கள். மோசமான வானிலையில் விழுந்து பலர் மாண்டார்கள். பிறகுதான் ராணுவம் லிங்க்கின் கருவிகளில் ஆறு வாங்கியது. இன்று பயணிகள் விமானத்தை ஓட்டுகிறவர்கள் இத்தகைய கருவியில் பழகாமல் ஆகாயத்தில் ஏற முடியாது.

விமானிக்கு உள்ள பாடம் லாரி டிரைவருக்கு வேண்டாமா?

தினம் 49 பேர்

திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள கும்மிடிப்பூண்டியைப் பாருங்கள். சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலை அந்த வழியாகத்தான் போகிறது. பக்கத்தில் சிப்காட் தொழிற்பேட்டை. தெற்கே எண்ணூர் காமராஜர் துறைமுகமும், காட்டுப்பள்ளி துறைமுகமும் இருக்கின்றன. கன்டெய்னர் லாரியும், கம்பெனி பஸ்சும், சைக்கிளும், சாப்பாட்டுத் தூக்கோடு நடந்து போகும் தொழிலாளியும் ஒரே வட்டாரத்து ரோட்டில்தான் போக வேண்டும்.

2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. இந்தியாவிலேயே இதுதான் அதிகம். செத்தவர்கள் 17,884 பேர். அதாவது, நாள் ஒன்றுக்கு 49 பேர்! அந்த ஆண்டில் இந்தியா முழுவதும் செத்தவர்களில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். 32,825 பேர் நடந்து போனவர்கள்.

மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் லாரி ஒரே வினாடியில் 55 அடி தூரம் ஓடிவிடும். கண் சிமிட்டும் நேரத்தில் முடிவு எடுக்க வேண்டும். அதற்குப் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தை ஏழையின் உயிரை வைத்தா கற்றுக்கொள்வது?

பழைய டிரைவருக்கு யார் சொல்வது?

மத்திய அரசு 2021 ஜூலை 1 முதல் ஒரு விதி கொண்டுவந்தது. அங்கீகாரம் பெற்ற டிரைவர் பயிற்சி மையத்தில் சிமுலேட்டர் இருக்க வேண்டும். கனரக வண்டிக்கு 6 வாரத்தில் 38 மணி நேரம் பயிற்சி. நல்ல விதிதான். ஆனால் அது புதிதாக லைசென்சு வாங்குகிறவருக்கு. இருபது ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறவருக்கு?

கும்மிடிப்பூண்டியிலேயே அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் நடத்தும் டிரைவர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. வட்டாரத்துத் தொழிற்சாலைகள் தங்கள் சரக்கை ஏற்றும் டிரைவர்களை ஆண்டுக்கு ஒரு நாள் இத்தகைய பயிற்சிக்கு அனுப்பலாம். அன்றைய கூலியை வெட்டக் கூடாது. செலவு முதலாளியுடையது. லாபமும் அவருடையதுதானே!

டிரைவருக்கு மட்டும் போதாது. மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வரும் தொழிலாளியையும் அந்தக் கருவியில், லாரி டிரைவரின் இடத்தில் உட்கார வைக்க வேண்டும். லாரியின் இடது பக்கத்தில் ஒட்டிப் போகும் வண்டி டிரைவர் கண்ணுக்குத் தெரியாமல் போவதை அவரே பார்க்கட்டும். பிறகு ஒட்டிப் போவாரா? பீகாரில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் பிழைக்க வந்தவர்களுக்குத் தமிழ்ப் பலகை புரியாது. இந்தப் படம் புரியும். இதற்கு எழுத்து தேவை இல்லை.

கருவி போதுமா?

போதாது. தூக்கம் இல்லாத டிரைவருக்கு எந்தக் கருவியும் உதவாது. நாளைக்கு 8 மணி நேர வேலைதான் என்று 1961-ம் ஆண்டு மோட்டார் தொழிலாளர் சட்டம் சொன்னது. அது ஏட்டில் இருந்தால் போதுமா? ரோட்டோரத்தில் லாரிகளை வரிசையாக நிறுத்துவதும், விளக்கு இல்லாத சந்திப்பும் இருக்கும் வரை, கருவி மட்டும் என்ன செய்யும்?

அதற்காகக் கருவியே வேண்டாம் என்பது சரி அல்ல. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை அளிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021-ல் தொடங்கியது. அடிபட்ட பிறகு காப்பாற்ற வழி செய்தாகிவிட்டது. அடிபடாமல் காப்பாற்றவும் வழி செய்ய வேண்டும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? முட்டட்டும், மோதட்டும், அறைக்குள்ளேயே! மாலையில் சங்கு ஊதியதும் தொழிலாளி வீடு போய்ச் சேரட்டும். வாசலில் குழந்தை காத்து இருக்கிறது.