இரண்டாம் புகைப்படக் கலைஞர் தேவையா?

மும்பையின் செம்பூரில் ஒரு காலத்தில் புகழ்பெற்ற படப்பிடிப்பு வளாகம் ஒன்று இருந்தது. நடிகரும் இயக்குநருமான ராஜ் கபூர் 1948ஆம் ஆண்டில் நிறுவிய ஆர்.கே. ஸ்டுடியோதான் அது. அங்கே ஒரு காட்சி சரியாக அமையாவிட்டால், இயக்குநர் அதனை மீண்டும் எடுக்கச் சொல்வார். பத்து முறை எடுத்தாலும் கதை மாறாது. அதே செம்பூரில் நடைபெறும் திருமணங்களுக்கு இந்த வசதி இல்லை. கெட்டிமேளம் ஒருமுறைதான் முழங்கும். மங்கலநாண் ஒருமுறைதான் பூட்டப்படும். ஆகவே, திருமணத்திற்கு ஒரு புகைப்படக் கலைஞர் போதுமா, இருவர் வேண்டுமா என்னும் கேள்வி இன்று பல குடும்பங்களில் எழுகின்றது.

இருவர் வேண்டா என்போர் கூறும் காரணங்கள் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. மும்பையில் மண்டப வாடகை, விருந்து, உறவினர் தங்கும் இடம் என ஒவ்வொன்றுக்கும் பெருந்தொகை தேவைப்படுகின்றது. அதன்மேல் இன்னொரு கலைஞருக்கும் ஊதியம் தருவது சுமையே. மேலும், இருவரும் மணமேடையின் முன்னே நின்று மணமக்களையே படம் எடுத்தால், ஒரே காட்சி இரண்டு கோணங்களில் கிடைக்கும், அவ்வளவுதான். தொலைவிலிருந்து வந்த விருந்தினர், தாலி கட்டும் காட்சியைக் காண முடியாமல் கலைஞர்களின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்க நேரிடும். பெருமைக்காக அமர்த்தப்படும் இரண்டாமவரால் பயன் இல்லை.

எனினும், ஒருவரால் செய்ய இயலாத செயல் ஒன்று உண்டு. முகூர்த்த வேளையை எண்ணிப் பார்க்கலாம். மணமகன் முதல் முடிச்சினை இடுகிறான். மணமகளின் பின்னே நிற்கும் நாத்தனார் அடுத்த முடிச்சுகளை இடக் காத்திருக்கிறாள். அதே நொடியில் மணமகளின் தந்தை கண்களைத் துடைத்துக்கொள்கிறார். மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டி, அட்சதையைக் கையில் ஏந்தியபடி எழ முயல்கிறார். மேடையை நோக்கி நிற்கும் கலைஞர் மணமக்களைக் காண்பார், பாட்டியைக் காணமாட்டார். இது அவரது திறமைக் குறைவன்று. ஒரு கருவி ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டுமே நோக்கும்.

செம்பூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது மேலும் முக்கியமானது. திருநெல்வேலியிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் ஓர் இரவுக்கும் மேலாகத் தொடர்வண்டியில் பயணம் செய்து உறவினர் வருகின்றனர். ஊரில் இருப்போர் ஒருவரை ஒருவர் கோயில் கொடையிலோ பொங்கலிலோ மீண்டும் காண்பர். மும்பையில் வளரும் பிள்ளைகளோ, தொலைபேசியில் குரலாக மட்டுமே அறிந்த பெரியப்பாவையும் அத்தையையும் திருமண மண்டபத்தில்தான் நேரில் காண்கின்றனர். அத்தகைய கூட்டம் மீண்டும் எப்போது கூடும் என்று எவராலும் உறுதி கூற இயலாது. எனவே, மேடைக்கு எதிரே அமர்ந்திருப்போரின் முகங்களும் மணமக்களின் முகங்களைப் போலவே காக்கப்பட வேண்டியவை.

அப்பணியைக் கைபேசி வைத்திருக்கும் தம்பி ஒருவனிடம் ஒப்படைக்கலாமே என்று சிலர் கேட்பர். செலவு மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால், நாள் முழுவதும் படம் எடுப்பவன் திருமணத்தில் கலந்துகொள்ள முடியாது. பந்தியில் அவனுக்கு இடம் தாமதமாகும். குடும்பப் படத்திலும் அவன் இருக்கமாட்டான். சேர்ந்து மகிழ வந்த ஒருவனை வேலையாளாக மாற்றுவது முறையன்று.

ஆயினும், எல்லாத் திருமணங்களுக்கும் இருவர் தேவை என்பதில்லை. முடிவெடுக்க எளிய வழி ஒன்று உண்டு. திருமண நாளின் நிகழ்ச்சிகளை நேர வரிசையில் ஒரு தாளில் எழுத வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் நடப்பவற்றை அடிக்கோடிட வேண்டும். மணமகள் ஓர் அறையிலும் மணமகன் மற்றோர் அறையிலும் அணிசெய்துகொள்ளலாம். மணமக்கள் செடா நகர் முருகன் கோயிலுக்குச் சென்று வணங்கும் நேரத்தில், மண்டபத்தில் பந்தி நடைபெறலாம். இத்தகைய கோடுகள் பல இருந்தால் இருவர் தேவை. ஐம்பது பேர் மட்டும் கூடும் எளிய திருமணமாயின் ஒருவரே போதும். கடன் வாங்கி இரண்டாமவரை அமர்த்துவது எந்நிலையிலும் தகாது.

இருவரை அமர்த்துவோர் பணியையும் பிரித்தளிக்க வேண்டும். ஒருவர் மேடையைப் பார்க்கட்டும். மற்றவர் மேடை ஏறாமல் உறவினரையும் பந்தியையும் வாசலையும் பார்க்கட்டும். இருவருடைய கருவிகளிலும் கடிகாரம் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். அப்போதுதான் படங்களை நிகழ்ந்த வரிசையில் அடுக்க முடியும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு உடன்பாடு இல்லையெனில், எடுக்கச் சொன்னவரே ஆவார். ஆதலால், படங்கள் யாவற்றையும் தருவது குறித்து முன்னரே எழுதிக்கொள்வது நன்று. கிடைத்த படங்களை ஓரிடத்தில் மட்டும் வைத்தலும் தவறு. 2017ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆர்.கே. ஸ்டுடியோவில் நிகழ்ந்த தீவிபத்தில், பழைய திரைப்படங்களின் உடைகளும் நினைவுப் பொருள்களும் எரிந்துபோயின. உடைகளுக்குப் படி எடுக்க இயலாது, புகைப்படங்களுக்கு இயலும்.

இவற்றோடு, பணம் தேவைப்படாத பணி ஒன்றும் எஞ்சியுள்ளது. தமிழகத்தின் பழைய புகைப்பட நிலையங்களில் எடுக்கப்பட்ட குடும்பப் படங்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடிச் சேர்த்துப் பாதுகாத்துள்ளது. அத்தகைய பழைய படம் ஒன்றில் உடையும் அணிகலனும் தெளிவாகத் தெரியலாம். ஆனால், படத்தில் இருப்பவர் யார் என்று எவரும் எழுதி வைக்காவிட்டால், அவரது பெயரைப் படம் சொல்லாது. இரண்டாம் கலைஞர் பாட்டியின் முகத்தைக் காத்துத் தருவார். அவருக்கு அருகில் இருப்பவர் யார், எந்த ஊர், என்ன உறவு என்பவற்றை அவர் அறியார். ஊருக்குத் திரும்புமுன் பாட்டியின் அருகே அமர்ந்து, கேட்டு எழுத வேண்டியவர்கள் வீட்டுப் பிள்ளைகளே.

அருஞ்சொற்பொருள்

மங்கலநாண் – தாலி
நாத்தனார் – கணவனின் உடன்பிறந்தாள்
அட்சதை – வாழ்த்தித் தூவும் மஞ்சள் கலந்த அரிசி
பந்தி – விருந்தினர் வரிசையாக அமர்ந்து உண்ணுதல்
கொடை – ஊர்க் கோயில் திருவிழா

சிந்தித்து எழுதுக

1. இருவர் வேண்டா என்போர் கூறும் காரணங்களில் நீ ஏற்பது எது? ஏன்?
2. உன் குடும்பத் திருமணப் படம் ஒன்றில் உள்ளோரின் பெயர், ஊர், உறவுமுறை ஆகியவற்றைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.