வீட்டுக்கு வேண்டிய கருவிகள்: திருப்புளி

தமிழில் சில பெயர்கள் பொருளைக் குறிப்பதோடு நில்லாமல், அந்தப் பொருளை எப்படி மதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகின்றன. திருப்புளி என்பது அத்தகைய பெயர். திருப்பு, உளி என்னும் இரு சொற்களும் கூடி உண்டான சொல் அது. திருப்புவதற்கென்று ஏற்பட்ட உளி என்பதே அதன் பொருள்.

உளியின் லட்சணத்தை அறிய வேண்டுமானால் எங்கள் திருக்கழுக்குன்றத்துக்காரர்கள் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சுமார் பத்து மைலில் மாமல்லபுரம் இருக்கிறது. மின்சாரத்தால் சுழலும் அறுவை யந்திரங்கள் வந்துவிட்ட இந்நாளிலும் அங்கே சிற்பிகளின் பட்டறைகளில் உளியின் ஓசை ஓய்ந்துவிடவில்லை. சிற்பி ஒருவர் உளியைக் கையில் எடுத்தால் முதலில் எதைப் பார்க்கிறார்? அதன் முனையைத்தான். முனைக்குக் கொடுத்திருக்கும் தோய்ச்சல் சரியாயிருக்கிறதா என்று கவனிக்கிறார். தோய்ச்சல் மிகுந்தால் முனை தெறித்துப் போகும். குறைந்தால் மழுங்கிப் போகும். இரண்டுக்கும் நடுவிலே இருக்கிறது உளியின் உயிர்.

நாமோ அதே உளியின் இனத்தைச் சேர்ந்த திருப்புளியை வாங்கும்போது முனையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கிறோம். பிடியின் வர்ணத்தைப் பார்க்கிறோம், பெட்டியின் அழகைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆவதற்குள் அது பல்லை இளித்துவிடுகிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்குகிறோம்.

“ஒரு திருப்புளிக்கு இவ்வளவு பீடிகையா?” என்று நேயர்கள் கேட்கலாம். கெட்டுப் போவது திருப்புளி மாத்திரமாயிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. மட்டமான முனை, தான் கெடுவதற்கு முன்னால் திருகாணியின் தலையைக் கெடுத்துவிடுகிறது. தலை வழுக்கிப் போன திருகாணியை இறுக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. அரைக் காசுக்குப் போன மானம் ஆயிரம் பொன் கொடுத்தாலும் வராது என்பார்களே, அது திருகாணித் தலைக்கு அப்படியே பொருந்தும்.

அந்தத் திருகாணிகளை நம்பி நம் வீட்டில் என்னென்ன இருக்கின்றன என்று சற்று யோசித்துப் பாருங்கள். கொதிக்கும் பிரஷர் குக்கரை அடுப்பிலிருந்து இறக்கும் அம்மாளின் கையும் காலும், அதன் கைப்பிடியிலுள்ள சிறு திருகாணியை நம்பியிருக்கின்றன. ஸ்விட்ச் பலகைக்குள் மின்சாரக் கம்பியைப் பிடித்துக் கொண்டிருப்பதும் திருகாணிதான், அது தளர்ந்தால் அந்த இடம் சூடேறிக் கருகும், தீப்பற்றுவதும் உண்டு. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி இரவுக்கும் மறுநாள் அதிகாலைக்கும் இடையில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகேதான் கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட இரவுகளில் ஜன்னல் கதவைப் பிடித்து நிறுத்துவது எது? கீலிலும் தாழ்ப்பாளிலும் உள்ள நாலைந்து திருகாணிகளே அல்லவா?

எங்கள் பக்கத்துக்கு மற்றொரு சங்கடமும் உண்டு. கடல் சுமார் எட்டு மைல் தூரத்தில் இருக்கிறது. பிற்பகலில் வீசும் கடற்காற்று உடலுக்கு இதமானது. ஆனால் அது உப்பையும் சுமந்து வருகிறது. சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் போன்ற கரையோர ஊர்களில் இரும்புத் திருகாணிகள் வெகு சீக்கிரம் துருவேறித் தாம் இருக்கும் இடத்திலேயே இறுகிவிடும். துருவேறிய திருகாணியை அசைக்க நல்ல முனை ஒன்றால்தான் முடியும்; மட்டமான முனை அங்கே முதல் முயற்சியிலேயே தோற்றுவிடும்.

திருகாணியின் தத்துவம் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குப் புதிதல்ல. தோட்டின் திருகும், மூக்குத்தியின் திருகும், கூஜாவின் மூடியும் எல்லாம் ஒரே தத்துவந்தான். கடிகார முள் செல்லும் திசையில் திருப்பினால் இறுகும். எதிர்த் திசையில் திருப்பினால் தளரும். மரை தவறி ஏற்றினால் கெட்டுவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆகையால் இது ஆண்களுக்கே உரிய வித்தை என்று யாரும் எண்ண வேண்டாம்.

திருகாணிகளின் தலை பல விதம். நேர்கோடாக ஒரே வெட்டுள்ளது பழைய வகை. கடைத்தெருவில் அதற்குரிய தட்டை முனையை ‘மைனஸ்’ என்கிறார்கள். சிலுவைபோல் வெட்டுள்ளது மற்றொன்று. அதற்குரியதை ‘ஸ்டார்’ என்கிறார்கள். இந்தச் சிலுவை வெட்டு அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் என்பவர் முயற்சியால் 1936-ல் காப்புரிமை பெற்று, மோட்டார் கார் ஆலைகளின் வழியாக உலகமெங்கும் பரவியது. தட்டை முனை வெட்டின் ஓரமாக நழுவிப் போவதுபோல் இதில் நழுவாது. முனை தானாகவே நடுவில் போய் அமரும். ஆலைகள் அதை விரும்பியதற்கு அதுவே காரணம். ஆனால் வெட்டின் பக்கங்கள் சரிவாக இருப்பதால், போதுமான அளவு அழுத்தாமல் வலிந்து திருப்பினால் முனை மேலே எழும்பித் தலையை ராவிவிடும். பின்னால் வந்த பாஸிடிரைவ் என்னும் வகையில், சிலுவைக் கோடுகளுக்கு இடையே மெல்லிய நான்கு கீறல்கள் காணப்படும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றின் முனை மற்றொன்றில் சரியாக அமராது. அந்நிய நாட்டிலிருந்து பகுதி பகுதியாக வந்து வீட்டில் பூட்டிக்கொள்ளும் மேஜை நாற்காலிகளில் இந்த வகையைப் பார்க்கலாம்.

இனிக் கடைக்குப் போவோம். போகும்போது வீட்டில் அடிக்கடி தொல்லை கொடுக்கும் திருகாணிகளில் இரண்டு மூன்றைக் கழற்றிக் கையோடு கொண்டு போவது உத்தமம். செருப்பு வாங்கும்போது காலைக் கொண்டு போகிறோமல்லவா? அதுபோலத்தான் இதுவும். திருகாணியின் வெட்டில் முனையை வைத்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. தட்டை முனையானால் அதன் அகலம் திருகாணியின் தலை அகலத்தை ஏறக்குறைய நிரப்ப வேண்டும். அதைவிட அகலமாயிருந்தால் சுற்றிலும் உள்ள மரத்தையோ தகட்டையோ கீறிவிடும். முனையின் கனம் வெட்டின் அகலத்துக்குச் சரியாயிருக்க வேண்டும். முனை ஆப்புப்போல் கூராகப் போகாமல், கடைசிப் பகுதி சதுரமாக வெட்டினாற்போல் இருப்பது நல்லது. ஸ்டார் வகையில் முனை பள்ளத்தின் அடி வரையில் இறங்கி உட்கார வேண்டும்.

அடுத்தபடி எஃகு. வெறும் இரும்புக்கு முலாம் பூசி எஃகென்று விற்பவர்கள் உண்டு. முலாம் பளபளக்குமேயன்றித் திருப்பும் வேலையைச் செய்யாது. குரோமியமும் வனேடியமும் கலந்த எஃகு என்று தண்டில் பொறித்திருந்தால் கவனிக்கலாம். ஆயினும் பொறிப்பை மட்டும் நம்பிவிடக் கூடாது. நல்ல முனையின் கடினம் ராக்வெல் என்னும் அளவையில் ஏறக்குறைய 50-க்கும் 60-க்கும் இடையில் இருக்கும். அதற்குக் கீழே போனால் முனை முறுக்கிக் கொள்ளும். மேலே போனால் தெறிக்கும். மாமல்லபுரத்துச் சிற்பி தோய்ச்சல் என்று சொல்வதைத்தான் யந்திரசாலைக்காரர் இலக்கத்தில் சொல்கிறார்.

மூன்றாவதாகத் தண்டும் பிடியும். தண்டைக் கண்ணாடி மேஜையின் மேல் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். பிடிக்குள் தண்டு சிறிதும் அசையக் கூடாது. இங்கே பலருக்குள்ள ஒரு தவறான எண்ணத்தைச் சொல்ல வேண்டும். திருப்புளி நீளமாக இருந்தால் பலம் அதிகம் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. திருப்பும் பலத்தைக் கொடுப்பது பிடியின் பருமன். நீளம் எட்டாத இடத்துக்கு எட்டுவதற்கும் நேராகப் பிடிப்பதற்குமே உதவும். ஆகவே உள்ளங்கை நிறையப் பிடிபடுவதாகவும், வியர்வையில் வழுக்காததாகவும் பிடி இருக்க வேண்டும். சித்திரை வைகாசியில் இதன் அருமை நன்றாய்த் தெரியும்.

கடைக்காரர் முகமலர்ச்சியோடு ஒரு பெட்டியை எடுத்து வைப்பார். “அம்மா, இதில் முப்பத்திரண்டு உருப்படி இருக்கிறது. ஒரே விலைதான்” என்பார். “முப்பத்திரண்டு வேண்டாம், ஐயா, நாலு கொடுங்கள், நல்லதாகக் கொடுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு நாலு போதும். ஸ்விட்ச், பிளக் முதலியவற்றின் சிறு திருகாணிகளுக்கு 3 மில்லிமீட்டர் தட்டை முனை ஒன்று. கீல், தாழ்ப்பாள்களுக்கு 6 மில்லிமீட்டர் தட்டை முனை ஒன்று. ஸ்டார் வகையில் 1-ம் நம்பர் ஒன்று, 2-ம் நம்பர் ஒன்று. இவற்றில் 2-ம் நம்பருக்குத்தான் வேலை அதிகம். தையல் யந்திரம் உள்ள வீட்டில் குட்டையான அகன்ற தட்டை முனை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நல்ல திருப்புளி சீமையிலிருந்துதான் வர வேண்டும் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. நாசிக்கில் டபாரியா நிறுவனத்தார் 1969-ல் சுவீடன் தேசத்துக் கம்பெனி ஒன்றின் தொழில் உதவியோடு கைக்கருவிகளைச் செய்யத் தொடங்கினார்கள். பாஞ்சாலத்தில் ஜலந்தரும் லூதியானாவும் இத்தொழிலுக்குப் பேர்போனவை. திருப்புளிக்கென்று ஐ.எஸ். 844 என்னும் இந்தியத் தர விதியே ஏற்பட்டிருக்கிறது. சுதேசிச் சாமான் என்பதற்காக மட்டத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நல்ல சுதேசிச் சாமான் கிடைக்கும்போது மட்டத்தை வாங்குவதற்குச் சமாதானமும் இல்லை.

இங்கே டெஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை அவசியம். நம் வீடுகளில் பாதிக்கு மேற்பட்ட திருப்பு வேலைகள் டெஸ்டராலேயே நடக்கின்றன. அது மின்சாரம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஏற்பட்டது. அதன் வயிற்றுக்குள் சிறு நியான் விளக்கும், மின்னோட்டத்தை மிகச் சொற்பமாக்கும் தடையும் இருக்கின்றன. அதைக் கொண்டு இறுகிய திருகாணிகளைத் திருப்பினால் முனை முறுக்கிக் கொள்வதோடு உள்ளே உள்ளவையும் பழுதாகும். பழுதான டெஸ்டர், மின்சாரம் உள்ள இடத்தில் இல்லையென்று பொய் சொல்லும். 230 வோல்ட் உள்ள இடத்தில் அந்தப் பொய்யின் விலை ஓர் உயிர். ஆகையால் டெஸ்டர் டெஸ்டராகவே இருக்கட்டும். உபயோகிக்குமுன் மின்சாரம் இருப்பதாக நிச்சயமாய்த் தெரிந்த இடத்தில் அதைச் சோதித்துக்கொள்ளுங்கள். மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகே பலகையைத் திறக்க வேண்டும். சாதாரணத் திருப்புளியின் தண்டில் நாடாவைச் சுற்றிவிட்டு அது காப்பாற்றும் என்று நம்பலாகாது. மின்சார வேலைக்கென்றே 1000 வோல்ட் என்று பொறித்து விற்கும் காப்புறை போட்டவை தனியாகக் கிடைக்கின்றன.

கருவி நல்லதானால் மட்டும் போதாது. கையும் பழக வேண்டும். திருப்புளியைத் திருகாணிக்கு நேராகப் பிடியுங்கள். இறுகினதைத் தளர்த்தும்போது அழுத்தும் பலம் அதிகமாகவும் திருப்பும் பலம் நிதானமாகவும் இருக்கட்டும். துருவேறியிருந்தால் வெட்டிலுள்ள அழுக்கையும் பெயின்டையும் முதலில் சுரண்டி எடுத்து, துருநீக்கும் எண்ணெயைச் சில சொட்டு விட்டு ஒரு மணி நேரம் பொறுத்திருங்கள். பிறகு முதலில் அணுவளவு இறுக்கும் பக்கம் திருப்பி, அதன்பின் தளர்த்துங்கள். பிடிவாதமுள்ள திருகாணியும் பெரும்பாலும் இணங்கிவிடும். கீலின் துளை பெரிதாகித் திருகாணி நிற்காமற் போனால், தீக்குச்சி அல்லது மூங்கில் சிம்பைப் பசையில் தோய்த்துத் துளையில் செருகி, காய்ந்தபின் திருகாணியை ஏற்றலாம். கடற்கரையோரத்தார் புதிதாகப் போடும்போது பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளையே போடுவது பிற்கால லாபம்.

பெயரில் உளி இருக்கிறது என்பதற்காகத் திருப்புளியைச் சுத்தியலால் அடிக்க வேண்டாம். தகர டின்னைத் திறப்பதும், சுவரைத் தோண்டுவதும், ஜன்னலை நெம்புவதும் அதன் வேலையல்ல. வேலை முடிந்ததும் துடைத்துத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தால் அடுத்த தலைமுறைக்கும் அது உழைக்கும்.

வருஷத்துக்கு ஒரு நாள், வடகிழக்குப் பருவ மழைக்கு முன்னால் புரட்டாசியில், வீட்டுக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு கதவு, ஜன்னல், தாழ்ப்பாள், குக்கர், விசிறி எல்லாவற்றின் திருகாணிகளையும் ஒரு சுற்றுப் பார்த்து வாருங்கள். விசிறிக்கு ஏறும் வேலை பெரியவர்களுக்கே உரியது. அதற்கும் மெயின் ஸ்விட்சை முதலில் அணைத்துவிட வேண்டும். மற்றவற்றைச் சிறுவர் சிறுமியரின் கையில் கொடுத்துப் பழக்கலாம். பத்து வயதில் திருகாணியின் மரையறிந்து இறுக்கக் கற்ற பிள்ளை, பின்னால் எந்த யந்திரத்தைக் கண்டும் மலைக்காது.