பவளத் தொட்டிக்கு எந்தப் பம்பு?

புனே நகருக்குத் தென்மேற்கே கடக்வாஸ்லாவில் மத்திய நீர், மின்சக்தி ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. 1916-ஆம் ஆண்டில் பம்பாய் மாகாண அரசினரால் தொடங்கப்பெற்ற இந்நிலையத்தில், அணையோ துறைமுகமோ கட்டப்படுமுன் அதன் சிறு மாதிரியைச் சமைத்து, அதில் நீரை ஓடவிட்டு, எங்கே சுழல்கிறது, எங்கே தேங்குகிறது, எங்கே மணல் படிகிறது என்று பார்த்தறிவது வழக்கம். அதே நகரில், வீட்டிலோ கல்விச்சாலையிலோ பவளத் தொட்டி அமைக்க விழைவோர், பம்பின் பெட்டிமீது அச்சிட்ட ஒரே ஓர் எண்ணை நம்பிப் பொருளைச் செலவிடுவது விந்தையே.

அவ்வெண், மணிக்கு இத்தனை லிட்டர் என்பதாகும். பலவகைப் பவளங்களைச் சேர்த்து வளர்க்கும் தொட்டியில், தொட்டியின் கொள்ளளவைப்போல் 20 முதல் 40 மடங்கு நீர் மணிதோறும் அசைய வேண்டுமென்பது வளர்ப்போரிடையே வழங்கும் கணக்கு. 300 லிட்டர் தொட்டிக்கு 9,000 லிட்டர் பம்பு என்று எளிதில் முடிவாகிவிடுகிறது. ஆனால் பவளப் பூச்சிக்கு லிட்டர்க் கணக்குத் தெரியாது; தன் உடலைத் தழுவிச் செல்லும் நீரின் வேகமே அதற்குப் பொருட்டு.

பவளம் இடம்விட்டுப் பெயராத பிராணி. உணவு வருவதும் கழிவு அகல்வதும் நீரோட்டத்தாலேயே. அதன் மேற்புறத்தையொட்டி மெல்லிய அசைவற்ற நீர்ப்படலம் ஒன்று எப்போதும் நிற்கிறது. பகலில், திசுக்களுள் வாழும் நுண்பாசிகள் வெளிவிடும் பிராணவாயு மிகுந்து தீங்காகாமல் வெளியேற வேண்டுமானால், இப்படலம் மெலிதாதல் வேண்டும். ஒரே திசையில் ஓயாது பாயும் நீரைக் காட்டிலும், அதே அளவு வேகத்தில் முன்னும் பின்னுமாக அசையும் நீர் இப்பணியைச் செவ்வனே செய்கிறது. கடலில் அலை செய்வதும் இதுவே. ஆகவே வேகத்தை ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டுக் கருவியோடு கூடிய பம்பு ஆடம்பரப் பொருளன்று.

கலப்புத் தொட்டியில் இடர்ப்பாடு வேறு. மான்கொம்புப் பவளம் அலை மோதும் விளிம்புக்குரியது. காளான் பவளமோ அமைதியை நாடுவது. நீண்ட உணர்கொம்புகளையுடைய இனங்கள் நேர்ப்பாய்ச்சல் பட்டால் சதை கிழிந்து அழியும். குறுகிய வாய் வழியே வேகமாகப் பீச்சும் பம்பு, அருகிலுள்ளதைப் புண்படுத்தித் தொலைவிலுள்ளதைப் பட்டினி போடும். அகன்ற விசிறியால் மிகுந்த நீரை மெல்லத் தள்ளும் பம்பே ஏற்றது. இதற்கு இயற்பியலும் சான்று: தள்ளப்படும் நீரின் நிறையை இரட்டித்து வேகத்தைப் பாதியாக்கினால் உந்துவிசை குறைவதில்லை, நீருக்கு ஊட்ட வேண்டிய சக்தியோ பாதியாகிறது. ஒரே பெரும் பம்பினும் எதிரெதிர்ப் பக்கங்களில் மாறிமாறி இயங்கும் இரு சிறு பம்புகள் மேலானவை என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

சக்திச் செலவு மின்கட்டணத்தோடு நின்றுவிடும் விஷயமன்று. புனேயில் ஏப்ரல், மே மாதப் பிற்பகல்கள் 40 டிகிரியை நெருங்குவதுண்டு. நீரினுள் இயங்கும் 40 வாட் பம்பு உட்கொள்ளும் மின்சாரம் முழுதும் இறுதியில் உஷ்ணமாகிறது. வெளியே இழப்பு ஏதுமில்லையெனில், 300 லிட்டர் நீரின் உஷ்ணநிலையை அது மணிக்கு ஏறக்குறைய 0.1 டிகிரி, ஒரு நாளில் இரண்டரை டிகிரிக்கு மேல் உயர்த்திவிடும். கோடையின் வழக்கமான உச்சத்திற்கு மேல் ஓரிரு டிகிரி சில வாரங்கள் நீடித்தாலே பவளம் வெளுக்கத் தொடங்குகிறது; மன்னார் வளைகுடாவில் 2010, 2016-ஆம் ஆண்டுகளில் நேர்ந்தது அதுவே. மோட்டாரைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி, காந்தத்தால் உள்ளே விசிறியைச் சுழற்றும் பம்புகள் விலையில் மிகுந்தவையாயினும், மோட்டாரின் உஷ்ணத்தில் பெரும்பகுதியைக் காற்றுக்கே விட்டுவிடுவதால், உள்நாட்டு நகரங்களுக்கு அவையே பொருத்தமானவை.

இறந்த பவளத்திற்கு ஈடாகக் கடலிலிருந்து வேறொன்றைப் பெயர்த்து வரலாமென்று எண்ணுவதற்கும் இடமில்லை. பாறை கட்டும் பவள இனங்கள் அனைத்தும் 2001-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன.

எனவே, லிட்டர்க் கணக்கோடு, வாட் அளவையும், வாயிலிருந்து 30, 60 சென்டிமீட்டர் தொலைவுகளில் நீரின் வேகத்தையும் பெட்டிமீது அச்சிடுமாறு வாங்குவோர் கேட்டல் வேண்டும். கிட்டாதபோது, கடக்வாஸ்லாவில் செய்வதையே வீட்டிலும் செய்யலாம். உயிரினங்களை விடுமுன், கற்களை மட்டும் அடுக்கிய தொட்டியில் பம்பை ஓட்டி, கழுவிய நுண்மணலை ஒரு கரண்டி தூவிப் பார்த்தால், மணல் குவியுமிடம் நீர் தேங்குமிடம் என்பது கால்மணியில் விளங்கிவிடும். மின்சாரம் நின்றுபோகும் வேளைக்கென ஒரு பம்பையேனும் மின்கலத்தோடு இணைத்து வைத்தல் இன்றியமையாதது. ஓட்டம் நின்ற தொட்டியில் பிராணவாயு சில மணி நேரத்திலேயே குன்றிவிடும்.