கால்குலேட்டர் மேல் ஏன் பழி?

காரைக்கால் கடைத்தெருவில் ஒரு ஸ்டேஷனரி கடை. 45 ரூபாய் நோட்டு ஒரு டஜன் கேட்டேன். கல்லாவில் இருந்த தம்பி கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, "5,400 சார்" என்றார். 45-க்குப் பதில் 450 என்று தட்டியிருக்கிறார். முகத்தில் சின்ன சந்தேகம்கூட இல்லை. சொன்னதும் சிரித்துக்கொண்டே திருத்தி, 540 வாங்கிக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற பெரியவர் சும்மா இருப்பாரா? "எங்க காலத்துல பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தலைகீழா சொல்லுவோம். இந்த மிஷின் வந்துதான் பசங்க மூளை மழுங்கிப்போச்சு!"

மன்னிக்கணும் பெரியவரே. மிஷின் என்ன தப்பு பண்ணியது? 450-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 5,400தான். நாற்பத்தஞ்சு ரூபாய் சாமான் ஒரு டஜன் என்றால் ஐநூறைச் சுற்றித்தான் வரும், ஐயாயிரத்துக்குப் போகவே போகாது என்று தம்பிக்கு உறைக்கவில்லை. உறைக்கும்படி எந்தப் பள்ளிக்கூடமும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

எனக்கும்தான் சொல்லித் தரவில்லை. நான் பி.காம். மூன்று தசம ஸ்தானம் வரை கையாலேயே வகுத்து நோட்டு நோட்டாகத் தீர்த்தவன். முதல் வேலையில், வரி சேர்த்த விலையிலிருந்து வரியைப் பிரிக்கச் சொன்னபோது அசடு வழிந்தேன். இன்றைய ஜி.எஸ்.டி.யில் சொல்கிறேன். 18 சதவீத வரியோடு பில் 1,180 ரூபாய். அதில் 18 சதவீதத்தைக் கழித்தால் 967 ரூபாய் 60 காசு வரும். தப்பு! 1.18-ஆல் வகுக்க வேண்டும். பொருளின் விலை 1,000. கழிக்கணுமா, வகுக்கணுமா என்பதை எந்தக் கால்குலேட்டரும் சொல்லாது. சி.ஏ. தேர்வு ஹாலுக்குள்ளேயே கால்குலேட்டரை அனுமதிக்கிறார்கள். அவர்கள் என்ன விவரம் தெரியாதவர்களா?

பழைய திண்ணைப் பள்ளியிலும் மனப்பாடம் உண்டு. எண்சுவடியில் முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. அதுவரை கத்திக் கத்திப் படித்தார்கள். ஆனால் நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் அதே கணக்குதான். தப்பாகச் சொன்னால் மரக்காலே காட்டிக்கொடுத்துவிடும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு இதைப் பற்றி 2022-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

உத்தேசமாக மதிப்பிடுவதும் பள்ளிக் கணிதத்தில் அடக்கம் என்று ஆர். ராமானுஜம் தலைமையிலான என்.சி.ஈ.ஆர்.டி. குழு 2006-லேயே எழுதிக்கொடுத்துவிட்டது. காரைக்கால் அரசுப் பள்ளிகள் 2023-ல் சி.பி.எஸ்.இ.க்கு மாறத் தொடங்கின. புத்தகம் மாறியது, சரி. 'கணக்கைப் போடாமல், விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று சொல்' என்கிற கேள்விக்குப் பரீட்சையில் பத்து மார்க் எப்போது தருவீர்கள்?

கேள்விக்கா பஞ்சம்! புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் காரைக்காலில் பெட்ரோல் மலிவு. நாகப்பட்டினத்திலிருந்து வந்து டேங்க் நிரப்பிப் போகிறவர்கள் உண்டு. போக வர சுமார் நாற்பது கிலோமீட்டர். மிச்சமான பணம் எவ்வளவு, வழியில் எரிந்தது எவ்வளவு? பைக்குக்கு லாபமா, காருக்கு லாபமா? இதைக் கேளுங்கள். கால்குலேட்டரையும் கையில் கொடுத்தே கேளுங்கள்.